கைப்பிடி அரிசியும் கரும்பலகையும்



ஜூலை 15 பெருந்தலைவர் காமராசர் பிறந்த நாள். தமிழகத்துப் பள்ளிகள் அதைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றன. 2024-ஆம் ஆண்டு அதே நாளில், திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரி என்னும் ஊரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அதுவரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைத்துவந்த காலை உணவு, ஊர்ப்புறத்து அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் அன்று முதல் வழங்கப்பட்டது. தமிழக முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்த இடம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. திருச்சபையைச் சேர்ந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். பிள்ளைகளோடு அமர்ந்து அவரும் உணவருந்தினார்.

செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பலர். நமக்கோ அதைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழுந்தது. காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் ஏன் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள்? அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது எது? விடை தேடிப் போனால் நானூற்று எண்பது ஆண்டு வரலாறு விரிகிறது. அதில் நாம் பெருமைப்பட நிறைய இருக்கிறது. வெட்கப்படவும் இருக்கிறது. இரண்டையும் இன்று பேசுவோம்.

பள்ளி என்பது பழைய சொல். சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடங்களைத் தமிழர் பள்ளி என்றார்கள். அடுத்திருக்கும் கேரளத்திலோ, நாம் கோவில் என்று சொல்வதைக் கிறிஸ்தவர்கள் பள்ளி என்கிறார்கள். இறைவனைத் தேடும் இடத்துக்கும் எழுத்தைத் தேடும் இடத்துக்கும் ஒரே பெயர் அமைந்தது பொருத்தம்தான். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் கதவு எல்லாருக்கும் திறந்துவிடாது. கதவைத் திறக்க யாரோ ஒருவர் மணி அடிக்க வேண்டியிருந்தது.

அப்படி மணி அடித்தவர் புனித பிரான்சிஸ் சவேரியார். 1542-ஆம் ஆண்டு அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்தார். மணி ஓசை கேட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமையில் இருந்த தம் சபையினருக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே விவரிக்கிறார். நோயாளிகள் பலர் அழைத்தபோது, எல்லா வீட்டுக்கும் தாம் போக முடியாமல், செபங்களைக் கற்றிருந்த சிறுவர்களைத் தமக்குப் பதிலாக அனுப்பியதையும் சொல்கிறார். கற்றவன் சிறுவனே ஆனாலும் கற்பிக்கலாம் என்று நம்பினார் அந்தப் பெரியவர்.

ஆனால் ஊருக்கு ஊர் போய்க்கொண்டே இருப்பவரால் ஓர் ஊரில் தங்கிக் கற்பிக்க இயலாது. ஊரிலேயே இருக்கும் ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியரின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். போர்த்துகல் நாட்டு அரசி கத்தரீனுக்குக் காலணிச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. அதைக் கடற்கரைச் சிற்றூர்களில் மறைக்கல்வி கற்பிப்பவர்களின் ஊதியத்துக்குக் கேட்டு வாங்கினார் சவேரியார். விண்ணகத்துக்கு ஏறிப்போக இந்தப் பிள்ளைகளைவிட நல்ல காலணி அரசிக்குக் கிடைக்காது என்ற பொருளில் அவருக்கு எழுதவும் செய்தார். அரசியின் காலணிப் பணம் ஏழை ஊர் ஆசிரியரின் அரிசியாக மாறியது. நம் ஊர்ப் பள்ளிகளுக்குக் கிடைத்த முதல் மானியம் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

சவேரியாருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் இன்னும் ஒரு படி மேலே போனார். புன்னைக்காயலில் தங்கித் தமிழை முறையாகக் கற்று இலக்கணமும் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. செவியால் கேட்டு மனப்பாடம் செய்த மக்களுக்குக் கண்ணால் பார்த்துப் படிக்க ஒரு நூல் வந்தது. ஆனால் நூல் வந்தால் போதுமா? படிக்கத் தெரிந்தவர் வேண்டுமே!

அன்று நம் நாட்டில் பள்ளியே இல்லை என்று எவரும் எண்ண வேண்டாம். திண்ணைப் பள்ளிகள் இருந்தன. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். பின்பு ஓலையும் எழுத்தாணியும் எடுத்தார்கள். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும், சட்டாம்பிள்ளை மேற்பார்ப்பான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லம் ஒன்றைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நடத்திய ஆந்துரு பெல் என்ற ஆங்கிலிக்கன் குரு, பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அந்த வழக்கத்தைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அவருடைய முறை 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்து வரை போயிற்று. அத்தகைய நல்ல முறை நம் திண்ணைகளில் இருந்தது. குறை முறையில் இல்லை. திண்ணையில் ஏறியவர் யார் என்பதில்தான் இருந்தது. சேரியிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. பெண் பிள்ளைக்கும் பெரும்பாலும் இடமில்லை.

இந்த இடத்தில்தான் கோவிலை ஒட்டிய ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தேவை பிறந்தது.

கேரளத்தில் அந்தத் தேவையைக் கண்கூடாகக் கண்டவர் புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா. 2014 நவம்பர் 23 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியதை நீங்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். 1805-இல் குட்டநாட்டின் கைநகரியில் பிறந்தவர். 1846-இல் மான்னானத்தில் சமஸ்கிருதப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1861-இல் சிரியன் கத்தோலிக்கருக்கு முதன்மைக் குருவானபின், 1864-இல் தம் பொறுப்பிலிருந்த கோவில்களுக்கெல்லாம் ஒரு சுற்றுமடல் அனுப்பினார். ஒவ்வொரு கோவிலோடும் ஒரு பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்பது அதன் கண்டிப்பான கட்டளை.

கட்டளை இடுவது எளிது. பள்ளி தொடங்கியாயிற்று, ஏழைப் பிள்ளை வரவில்லை. ஏன் வரவில்லை? பள்ளிக்கு வந்தால் அன்றைய கஞ்சி போய்விடும். மாடு மேய்த்தால், வயலில் நின்றால், ஏதோ கிடைக்கும். சாவறா அடிகளார் இதற்குக் கண்ட வழி வீட்டுச் சமையலறையில் இருந்தது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, குடும்பத் தலைவி ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை அது கோவிலுக்கு வந்து சேரும். அந்த அரிசியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு. 'பிடியரி' என்று அதற்குப் பெயர். பணக்காரர் ஒருவரின் கொடையால் அந்த உலை கொதிக்கவில்லை. ஒரு பிடி குறைந்தால் தம் வீட்டிலும் தெரியும் என்ற நிலையிலிருந்த தாய்மாரின் கைகளால் கொதித்தது.

இதைக் கேட்கும்போது யோவான் நற்செய்தியில் வரும் சிறுவன் நினைவுக்கு வருகிறான் அல்லவா? ஐயாயிரம் பேர் பசித்திருந்தபோது அவனிடம் இருந்தவை ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும். இத்தனை பேருக்கு இது எம்மாத்திரம் என்று சீடர் கேட்டார். ஆண்டவர் அப்படிக் கேட்கவில்லை. அதையே கையில் எடுத்தார்.

பிடி அரிசி நம் சமயத்துக்கு மட்டும் சொந்தமான வழக்கம் என்று சொன்னால் அது உண்மையாகாது. விருதுநகரில் நாடார் உறவின்முறையார் வீட்டுக்கு வீடு பிடி அரிசி திரட்டி, அதைக்கொண்டு சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியை நடத்தினார்கள். அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர்தான் காமராசர். தந்தையை இழந்து, படிப்பைப் பாதியில் விட்ட அந்தச் சிறுவர் முதலமைச்சரானபின், 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதற்கும் ஊர் மக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. அரசும் பங்கு தந்தது. 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஈராண்டு கழித்து அது கீழச்சேரிக்கு வந்தது. மான்னானமும் விருதுநகரும் எட்டயபுரமும் கீழச்சேரியும் ஒன்றையொன்று அறியாத ஊர்களாக இருக்கலாம். பசித்த பிள்ளை எழுத்தைப் பார்ப்பதற்கு முன் சோற்றைப் பார்க்கிறது என்பதை மட்டும் நான்கு ஊர்களும் அறிந்திருந்தன.

இனித் தமிழகத்து ஊர்ப் பள்ளிகளின் நிலைக்கு வருவோம். தடை செய்யப்பட்டிருந்த இயேசு சபை மீண்டும் உயிர்பெற்று, 1838-இல் பிரெஞ்சு நாட்டுக் குருக்கள் மதுரை மறைத்தளத்துக்கு வந்தார்கள். பங்குகள் பரந்து கிடந்தன. குருவானவர் குதிரையிலோ மாட்டுவண்டியிலோ ஆண்டுக்குச் சில முறை வந்துபோவார். மற்ற நாள்களில் ஊரைத் தாங்கியவர் உபதேசியார். அவரே வாத்தியாரும் ஆனார். காலையில் கோவில் மணி அடிப்பார், பின்பு கோவில் தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ பிள்ளைகளை உட்காரவைத்து அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பார், மாலையில் செபம் சொல்வார், ஊராருக்கு வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வார், மனு எழுதிக்கொடுப்பார், இறந்தவரை அடக்கம் செய்வார். இந்த மனிதர்களுக்கு எங்கும் சிலையில்லை. பல ஊர்களில் பெயர்கூட எஞ்சவில்லை. நம் பாட்டன்மார் கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு மாறியது அவர்களால்தான்.

1854-இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையைத் தொடர்ந்து, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறை வந்தது. மரத்தடிப் பள்ளிக்குக் கூரை வந்தது, பதிவேடு வந்தது, ஆய்வாளர் வந்தார். ஒரே கூடத்தில் ஐந்து வகுப்பு, ஒரு கரும்பலகை, ஓர் ஆசிரியர். இன்று அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்களில் பலர் அப்படிப்பட்ட கூடத்தில் படித்தவர்கள்தாம்.

சகோதர சகோதரிகளே, பெருமையை இதுவரை சொன்னோம். வெட்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

நம் கோவில்களிலேயே தடுப்புகள் இருந்தன. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் பிரிந்து நிற்கும்படி கோவிலே இரு கிளையாகக் கட்டப்பட்டது. 1910-இல் கௌசானல் அடிகளார் அங்கிருந்த தடுப்பை அகற்றியபோது, அவர்மீது வழக்குத் தொடுத்தவர்கள் வேற்றுச் சமயத்தார் இல்லை, நம்மவர்தாம். ஒரே அப்பத்தைப் பகிரும் பீடத்தின் முன்னால் இப்படியென்றால், பள்ளிக்கூடத்துப் பாயில் எப்படி இருந்திருக்கும்? தனியே உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாத பிள்ளைகள் இருந்தார்கள். சேரிப் பிள்ளையைச் சேர்த்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னபோது, பணிந்துபோன குருக்களும் உண்டு. பள்ளி காலியானாலும் பரவாயில்லை என்று நின்ற குருக்களும் உண்டு. நம் பள்ளிகளின் உண்மையான வரலாறு அந்த இரண்டாம் வகைக் குருக்களும், தனியே உட்கார்ந்தும் படிப்பை விடாத அந்தப் பிள்ளைகளும் எழுதியதே.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், தொடக்கப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டை ஒருநாள் புரட்டிப் பார்த்தோம். கரையான் அரித்தது போக மிஞ்சிய பக்கங்கள். பள்ளியை விட்டு நின்றதற்குக் காரணம் எழுதும் கட்டம் ஒன்று அதில் இருந்தது. நேரே இருந்த சொற்கள் சில: மாடு மேய்க்க. தம்பியைப் பார்த்துக்கொள்ள. பிழைக்கப் போய்விட்டார்கள். இறந்துபோனாள். அழகான கையெழுத்தில், ஒரு வரிக்கு ஒரு பிள்ளை. தம்பியைப் பார்த்துக்கொள்ள என்ற வரிக்கு எதிரே இருந்தவை எல்லாம் பெண் பிள்ளைகளின் பெயர்கள். அந்தப் பதிவேட்டை எழுதிய வாத்தியார் ஒவ்வொரு வரியையும் என்ன மனத்தோடு எழுதினாரோ! நாம் அதை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

பின்வந்த பக்கங்களில் அந்தக் காரணங்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. மதிய உணவு வந்தது. சீருடையும் புத்தகமும் வந்தன. அரசு ஊதியத்தால் ஆசிரியர் நிலைபெற்றார். பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு வரை தங்கினார்கள். அந்தப் பக்கங்களைப் படிக்கையில் நெஞ்சு நிறைந்தது.

அதன் பிறகு வேறொரு காரணம் தலைகாட்டியது. வேறு பள்ளியில் சேர்ந்தமையால் என்று எழுதியிருந்தது. வேறு பள்ளி வெகுதூரத்தில் இல்லை. அதே வளாகத்தில், மதிலுக்கு இப்பால், நாமே தொடங்கிய ஆங்கிலவழிப் பள்ளி. கட்டணம் கட்டக்கூடியவர்கள் அங்கே போனார்கள். மூன்று மாடி எழுப்பினோம், பேருந்து வாங்கினோம், ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டோம். மறுபக்கத்தில் ஓடு உடைந்த கூடத்தில் மீதியிருந்த பிள்ளைகள் மழைக்கு இடம் மாறி உட்கார்ந்தார்கள். பங்குப் பேரவையில் எவரும் கேட்கவில்லை. நாமும் அதைப் பேச்சுக்கு எடுக்கவில்லை. பிறர்மீது பழிபோட்டுத் தப்ப முடியாத குற்றம் இது. குருவானவர் என்ற முறையில் இதை உங்கள் முன்னிலையில் அறிக்கையிடுகிறோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று கிறிஸ்தவக் கல்வி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பொருளில் வறியவர்கள், குடும்பத்தின் அன்பும் துணையும் இழந்தவர்கள், நம் நம்பிக்கையை ஏற்காதவர்கள் ஆகியோரின் தேவையைக் கத்தோலிக்கப் பள்ளிகள் முதன்மையாகக் கவனிக்க வேண்டும் என்பது அதில் சொல்லப்பட்டிருக்கிறது. குருமடத்தில் நாம் அதைப் படித்தோம்; தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். அந்த மூன்று வகையினரும் ஓட்டுக் கூடத்தில் நம் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தபோது, நாம் மதிலின் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆங்கிலம் கற்பிப்பது தவறு என்று சொல்லவில்லை. தம் பிள்ளை உயர வேண்டும் என்று கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் தாய் தந்தையரையும் குறைசொல்லவில்லை. அவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். நாம் கேட்பது வேறு. எல்லாரும் போனபின் மீதியிருப்பவர்கள் யார்? செங்கல் சூளையில் வேலைசெய்ய வந்த குடும்பத்தின் பிள்ளை. பாட்டி மட்டும் வளர்க்கும் பிள்ளை. தகப்பனின் குடியால் இரவெல்லாம் தூங்காத பிள்ளை. நம் கோவிலுக்கு வராத, வேறு சாமியைக் கும்பிடும் பிள்ளை. இவர்களுக்காகத்தான் முதலில் மணி அடிக்கப்பட்டது. இன்று இவர்கள் மட்டுமே மீதியிருக்கிறார்கள் என்றால், பள்ளி அழிந்துவிட்டது என்று பொருளில்லை. பள்ளி எதற்காகப் பிறந்ததோ அந்த இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

ஆண்டவர் இயேசுவிடம் சிறு பிள்ளைகளைக் கொண்டுவந்தபோது, தடுத்தவர்கள் பரிசேயர் இல்லை, சீடர்கள். ஆண்டவர் கோபம் கொண்டார் என்று மாற்கு எழுதுகிறார். தம்மை அடித்தவர்மீது கோபம் கொள்ளாதவர், பிள்ளைகளுக்கு வழி மறித்த தம் சொந்தச் சீடர்மீது கோபம் கொண்டார். நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

ஆகவே இந்த வாரம் மூன்று சிறு செயல்களைச் செய்வோம். முதலாவதாக, உங்கள் பங்கின் தொடக்கப் பள்ளிக்குள் ஒருமுறை போய்வாருங்கள். திருவிழாவுக்குக் கொடி ஏற்றும் நாளில் வேண்டாம். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள். கழிப்பறையைப் பாருங்கள், குடிநீரைப் பாருங்கள், கூரையைப் பாருங்கள். இரண்டாவதாக, பங்குப் பேரவையில் அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பங்குத்தந்தைக்குச் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். மூன்றாவதாக, பிடி அரிசியை மீட்டெடுப்போம். இன்று அரிசியை அரசு தருகிறது. பிள்ளைக்கு இன்று குறைவாக இருப்பது வேறு பிடி: பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பைக் கேட்கும் ஒருவரின் நேரம். பட்டப்படிப்பு முடித்த இளைஞர்களே, ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, மாலையில் ஒரு மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள். ஒரு பிடி போதும். பத்து வீட்டுப் பிடி சேர்ந்தால் ஓர் உலை கொதிக்கும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள்.

அந்தப் பழைய பதிவேட்டில் மாடு மேய்க்க என்றும் தம்பியைப் பார்த்துக்கொள்ள என்றும் எழுதப்பட்ட பிள்ளைகளை ஆண்டவர் பெயர் சொல்லி அறிவார். அவர்களை நாம் இனிப் பள்ளிக்கு அழைத்துவர முடியாது. அவர்களின் பேரப்பிள்ளைகளை முடியும்.

மன்றாடுவோமாக. சிறு பிள்ளைகளை அணைத்து ஆசி வழங்கிய ஆண்டவரே, மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் எங்கள் முன்னோருக்கு எழுத்தறிவித்த பெயர் தெரியாத ஆசிரியர்களுக்கு நிலையான இளைப்பாற்றி தாரும். எங்கள் பள்ளிகளின் கதவுகளைச் சாதியாலும் பணத்தாலும் நாங்கள் சாத்தியபோதெல்லாம் எங்களை மன்னியும். எங்கள் கையிலிருக்கும் ஒரு பிடியை உம் கையில் எடுத்துப் பெருகச் செய்தருளும். ஆமென்.